குசினிக்குக் கீழே தட்டிய இரும்பு

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் வாசிக்க எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து எழுதுவது எனக்கு ஒத்துவராத வேலை. இந்த இரண்டு வரியை எழுதுவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். ஓய்வு பெற்றவன் சும்மா இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். கண்டியில், மஹய்யாவவில் எங்கள் வீட்டுக்கு முன்னால் யாராவது ரோட்டில் அலவாங்கால், அதுதான் கடப்பாரையால், குத்தினால் போதும், சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய் நின்றுவிடுவேன். அது அந்த அலவாங்குக்காரனுக்கும் பிடிப்பதில்லை, என் மனைவிக்கும் பிடிப்பதில்லை.

மெஷினைப் பூட்டுவது, எண்ணெய் விடுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நான் அதைத் தொடப்போவதில்லை. வெளியாள் யாராவது இதை வாசித்தால் விளங்க வேண்டுமே என்பதற்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரோட்டை வெட்டாமல் அதன் அடியால் குழாய் கொண்டுபோக வேண்டுமென்றால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழி வெட்டுவோம். ஒரு குழியில், முனை கூரான நீண்ட இரும்பு உருளை ஒன்றை மண்ணைப் பார்க்கப் படுக்க வைப்போம். அதற்குப் பெயர் மோல். பின்னால் உள்ள ஹோஸ் வழியாகக் கம்ப்ரசர் காற்றுப் போகும். உள்ளே சுத்தியல் அடிக்க அடிக்க மோல் மண்ணை விலக்கிக்கொண்டு தானாக முன்னுக்குப் போகும், ஹோஸும் பின்னாலேயே இழுபட்டுப் போகும். மற்றக் குழியில் தலை காட்டினால் வேலை முடிந்தது. ஆனால் மண்ணுக்குள் போனதன் பிறகு அதைத் திசை திருப்ப முடியாது. நேரே போகும், இல்லாவிட்டால் கல் தள்ளிய பக்கம் போகும். பின்னுக்கு எடுக்க வேண்டுமானால் ஹோஸைத் திருகி ரிவர்ஸ் போட வேண்டும். காற்றை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால் ஈரக் களிமண் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது மோல் எங்கே போகிறது என்று உங்கள் கையிலிருக்கும் திரை காட்டுகிறதாம். ஒன்றாக வேலை செய்த எங்கள் செட்டில் திரை, கருவி எல்லாம் நாதன்தான். என் வயதுக்காரன், மஹய்யாவவில் எங்கள் வரிசையிலேயே வீடு. மோல் கீழே அடித்துக்கொண்டு போக, நாதன் செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டுக்கு மேலே நடப்பான். உள்ளங்காலில் அடி எங்கே பலமாகப் படுகிறதோ அங்கே மோல் இருக்கிறது என்று அர்த்தம். தெல்தெனியவில் ஒரு தரம், "மேல ஏறுதுடா, காத்த மூடு" என்று கத்தினான். மூடிவிட்டுத் தோண்டிப் பார்த்தால், ஒரு கடைக்காரர் குவித்து வைத்திருந்த தேங்காய்க்குச் சாண் அளவு கீழே மூக்கை நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. அந்தக் கடைக்காரர் எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தார். நாதன் மட்டும் இரண்டு குடித்தான்.

அதனால் எங்கள் செட்டில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. மேலே நடப்பவன் சொல்வதுதான் கடைசிச் சொல். குழிக்குள் இருப்பவன் எதிர்த்துப் பேசமாட்டான். வேலை நடக்கும்போது ஆளுக்கொரு பக்கம் பேசினால் குழப்பம்தான் வரும், ஆகவே அது நல்ல வழக்கம்தான். நல்ல வழக்கத்துக்கும் ஒரு கெட்ட நாள் வரும். எனக்கு அது கலகெதரப் பக்கம் வந்தது.

சில வருடங்களுக்கு முந்திய கதை. ரோட்டுக்குப் புதிதாகத் தார்க் கார்ப்பெட் போட்டிருந்தார்கள், அதை வெட்ட விடமாட்டார்கள். இன்டர்நெட் வயர் போக ஒரு குழாய் அடியால் போக வேண்டும். மேட்டுப் பக்கம் மோல் இறங்கும் குழி, பள்ளப் பக்கம் அது வெளியே வரும் குழி. பள்ளப் பக்கக் குழிக்கு இடது கைப்பக்கம், ரோட்டிலிருந்து சில படி இறங்கினால் ஒரு வீடு. அந்த நாள்களில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மண்ணைப் பிடித்தால் கையில் ஒட்டிக்கொண்டு வரும்.

நான் மேட்டுக் குழிக்குள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாதன் மேலே, கம்ப்ரசர்காரன் ரோட்டோரத்தில். ரோட்டின் நடுவுக்கு வந்ததும் அவன் கையை விரித்துக் காட்டினான். மோல் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

"கல்லுல முட்டிருச்சுடா. விடாம அடிக்கட்டும், ஒடைஞ்சிரும்" என்றான்.

அப்படித்தான் செய்வோம். கல் உடையும் வரைக்கும் அடிக்க விடுவோம். ஆனால் என் கைக்குள் ஹோஸ் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. சேற்றை எடுத்து ஹோஸில் ஒரு கோடு போட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு துவாரத்துக்குள் போய் மறைந்தது.

"நாதா, ஹோஸ் உள்ள போகுது."

"தொய்வா கெடந்திருக்கும். மோல் என் காலுக்குக் கீழதான் நிக்குது."

"இவ்வளவு தொய்வு இருக்காதுடா."

"அப்ப நீ மேல வந்து நில்லு. நின்னு பாத்துட்டுப் பேசு."

ஏறிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் காட்டிய இடத்தில் நின்றேன். அவன் சொன்னது உண்மை. முழங்கால் வரைக்கும் அதிர்ந்தது. குழிக்குள் இறங்கினேன், ஹோஸ் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. மேலே நின்றால் நாதன் சொல்வது சரி, கீழே நின்றால் நான் சொல்வது சரி. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏறினேன், இறங்கினேன். நாதனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் கால நம்பாட்டி ஒன் ஹோஸோட குடும்பம் நடத்து" என்றான். கம்ப்ரசர்காரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் பள்ளத்து வீட்டிலிருந்து ஒரு பெண் படியேறி வந்தா. பரீதா என்று பெயர் என்பது பிறகுதான் தெரியும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தா. அவர்கள் பேச்சில் இருக்குது என்பது ஈக்குது, சொல்லு என்பது செல்லு.

"அண்ணன், ஒங்கட மெசின் எங்கட குசினிக்குக் கீழ ஈக்குது."

"இல்ல தங்கச்சி, அது கம்ப்ரசர் சத்தம். ரோட்டு வழியா அப்பிடித்தான் கேக்கும்" என்றான் நாதன், மரியாதையாகத்தான்.

"கம்ப்ரசர் சத்தம் காலையில இருந்தே கேக்குது. இது வேற. தட்டுல ஈக்கிற கோப்பையெல்லாம் ஆடுது. வாப்பாட கட்டிலும் அதிருது. அவருக்கு எழும்ப ஏலா."

அவ சமைக்கும் அந்தக் குசினி எங்கள் நேர்கோட்டில் இல்லை. இடது பக்கம் நன்றாக விலகி இருந்தது. அங்கே மோல் இருக்கும் என்று தொழில் தெரிந்த எவனும் சொல்லமாட்டான். ஆனால் ஹோஸ் எங்கேயோ போய்க்கொண்டிருந்ததே, அது போவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

"காத்த மூடு" என்றேன் கம்ப்ரசர்காரனிடம்.

"மூடாத" என்றான் நாதன். "மூடினா மண் புடிச்சிரும். அப்புறம் யாரு எடுக்கிறது?"

கம்ப்ரசர்காரன் என்னைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். வழக்கப்படி அவன் நாதன் பேச்சைத்தான் கேட்க வேண்டும். நான் போய் நானே மூடினேன். எங்கள் செட்டில் மேலே நடப்பவன் பேச்சை ஒருவன் மீறியது அதுதான் முதல் தரம். நாதனின் முகம் கறுத்துப்போனது.

அடி நின்றது. குழிக்குள் இறங்கித் துவாரத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தேன். மோல் வேலை செய்யும்போது அந்தத் துவாரத்தால் எண்ணெய் மணக்கும் காற்று வந்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கடைசி நேரத்தில் அந்தக் காற்றோடு சேறும் தெறித்திருந்தது. இப்போது காற்று இல்லாததால் உள்ளே இருந்து இன்னொரு சத்தம் கேட்டது. தண்ணீர் கசியும் சத்தம்.

வீட்டுக்கு ஓடினேன். குசினியின் சீமெந்துத் தரையில், ரோட்டுப் பக்கச் சுவர் ஓரமாக ஓர் ஈரக் கோடு ஊறிக்கொண்டிருந்தது. குசினிக்கு அடுத்த அறையில், அதே சுவரோடு ஒட்டிய மூலையில் ஒரு கட்டில். அதில் பரீதாவின் வாப்பா படுத்திருந்தார். கலகெதர பஸாரில் பல காலம் கடை வைத்திருந்தவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காது, ஆனால் பேச்சு மட்டும் தெளிவு. ஊரே அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடும்.

"என்ன மகன், நெலத்துக்குள்ள யாரு?" என்று கேட்டார்.

"எங்க மெஷின்தான் ஹாஜியார்."

"கதவால வந்தீக்கலாமே."

நாதன் பின்னாலேயே வந்துவிட்டான். ஈரத்தைப் பார்த்ததும் அவனுக்கும் விளங்கிவிட்டது. சுவர் ஓரமாக ஏதோ பழைய தண்ணீர்க் குழாய் போகிறது, மோல் அதில் குத்தியிருக்கிறது. "ரிவர்ஸ் போடுவோம். இப்பவே எடுத்தா வந்துரும்" என்றான். அதே நேரத்தில் எங்கள் முதலாளியும் போனில். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரும் அதையேதான் சொன்னார். மண் பிடிப்பதற்கு முன் எடு, இழுத்தடித்துக்கொண்டு நிற்காதே என்றார்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். அவர்கள் இருவரும் சொன்னது தொழில்படி சரி. தாமதித்தால் மோல் வராது. மோல் வராவிட்டால் அந்த வீட்டின் அடியைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும், அது வீட்டுக்கும் கேடு. ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் பீறிட்டு வராமல் கசிந்துகொண்டிருக்கிறது என்று நான் யோசித்தேன். குத்திய இரும்பே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது போலிருந்தது. அதை உருவினால் முழுத் தண்ணீரும் தரைக்கு அடியில் பாயும், மண்ணை அரித்துக்கொண்டு போகும், மேலே எழும்ப முடியாத மனிதர் படுத்திருக்கிறார். இது என் யோசனைதான். கண்ணால் கண்டதில்லை. பிழையாகவும் இருக்கலாம், நான் காத்திருக்கிற நேரத்திலேயே தரை போகவும் கூடும். தெரியாது என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

"முதல்ல ஹாஜியார வெளிய எடுப்போம்" என்றேன். "அப்புறம் தண்ணி. மோல் கடைசி."

ஹாஜியார் வரமாட்டேன் என்றார். பரீதா கெஞ்சினா. அவர் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ரோடு பூராவும் அவருக்குத் தெரிந்த ஆட்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டு போவதை எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள் என்பதுதான் அவருக்கு வருத்தம். எனக்குப் பொறுமை குறைவு. உயிரைவிட வெட்கம் பெரிதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நாதன் வெளியே போய்விட்டான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் எங்கள் தார்ப்பாயை எடுத்து வந்து, வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிற்க வைத்து, படியிலிருந்து பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் மறைப்புக் கட்டிவிட்டான். "இப்ப யாரும் பாக்க மாட்டாங்க ஹாஜியார், வாங்க" என்றான். கதிரையில் உட்கார வைத்து அவனும் நானும்தான் தூக்கினோம்.

தண்ணீரை மூடுவது அடுத்த பாடு. குழாய் பார்க்கும் ஆள் வந்தார். பக்கத்தில் இருந்த வால்வ் மூடி புதுக் கார்ப்பெட்டுக்கு அடியில் போய்விட்டது, எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவர் மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தாங்கி வரைக்கும் ஏறிப் போய் மூட வேண்டியிருந்தது. அந்த நேரம்தான் எனக்கு நரகம். குசினிக்குப் போவேன், ஈரக் கோடு எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பேன். ரோட்டுக்கு ஓடி வந்து மேட்டைப் பார்ப்பேன். திரும்பவும் குசினி. முதலாளி திரும்பத் திரும்பப் போன் எடுத்தார். ஒரு கட்டத்தில் போனைப் பரீதாவின் கையில் கொடுத்துவிட்டேன்.

"ஹலோ, எங்கட வீட்டுக்குக் கீழ ஈக்கிற சாமான் ஒங்கட தானே?" என்றா அவ. "அவசரமெண்டா நீங்க வந்து எடுங்கொ. நான் கதவு தொறந்து வெக்கிறன்." அதன் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை.

கசிவு குறைந்து, நின்றது. கம்ப்ரசரைப் போட்டு, ஹோஸைத் திருகினோம். முதலில் அசையவே இல்லை. நாதன் பல்லைக் கடித்துக்கொண்டு ஹோஸைப் பிடித்திருந்தான். பிறகு ஒரு குலுக்கு, இன்னொரு குலுக்கு, மோல் பின்னுக்கு வரத் தொடங்கியது. அது வந்துகொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தோம். அறையின் மூலையில் தரை உள்ளே இறங்கிவிட்டது. கட்டிலின் இரண்டு கால் குழிக்குள், தலையணை சேற்றில். தண்ணீரை மூடிய பிறகே இப்படியென்றால், முன்னமே உருவியிருந்தால்? பரீதா வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. நாதன்தான் முதலில் அசைந்தான். குனிந்து தலையணையை எடுத்து, அதிலிருந்த சேற்றைத் துடைத்து, பரீதாவிடம் கொடுத்தான்.

பிறகு ரோட்டோரத்தைத் தோண்டியபோது காரணம் தெரிந்தது. ரோட்டுக்கு அடியில் பழைய காலத்துக் கல் வடிகால் ஒன்று குறுக்கே கிடந்தது. மோல் அதில் முட்டி இடது பக்கம் வழுக்கி, அந்தக் கல்லை ஒட்டியே பள்ளத்துக்குப் போயிருக்கிறது. அடிகளை அந்தக் கல் வாங்கி நாதனின் காலடிக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. நாதன் இறங்கி அந்தக் கல்லின் மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்தான்.

"என் கால் சொன்னது பொய்யில்லடா" என்றான்.

"இல்லதான்" என்றேன். நான் மனசாரத்தான் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் செட்டில் வழக்கத்தை மாற்றினோம். குழிக்காரனுக்கும் மேலே நடப்பவனுக்கும் பேச்சு ஒத்துவராவிட்டால் அடி நிற்க வேண்டும், மண் பிடித்தாலும் பரவாயில்லை, யார் சரி என்பதைப் பிறகு பேசலாம். மாற்றச் சொன்னதே நாதன்தான். பக்கத்து வீடுகளுக்குள் போய்ச் சத்தம் கேட்கிறதா என்று விசாரிப்பதையும் அவனே ஏற்றுக்கொண்டான். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கிடைக்கிறது என்பதும் ஒரு காரணம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். முதலாளியின் ஆட்கள் மூலையை நிரப்பிக் கொங்கிரீட் போட்டுக் கொடுத்தார்கள். வேலை சுத்தம். முதலாளியே வந்து பார்த்து, இனிக் கட்டிலைப் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பரீதா என்னிடம் வந்தா.

"நீங்க செல்லுங்கொ அண்ணன். வாப்பாவ அங்க படுக்க வெக்கலாமா?"

அறையில் ஜன்னல் இருப்பது அந்த மூலையில்தான். அதால் பார்த்தால் ரோடு தெரியும், போகிற வருகிற ஆட்கள் தெரியும். மற்றப் பக்கத்தில் படுத்தால் சுவர்தான், ஹாஜியார் இப்போது அங்கேதான் படுத்திருந்தார். நான் அலவாங்கால் தட்டிப் பார்த்தேன். கனமாகத்தான் கேட்டது. ஆனால் அடியில் ஈர மண், மேலே புதுக் கொங்கிரீட். ஒரு மழைக்காலம் போகாமல் அந்த மண் என்ன செய்யும் என்று எவனாலும் சொல்ல முடியாது.

"அடுத்த மழை போகட்டும் ஹாஜியார்" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். "அப்ப மழை முடியுமட்டும் நான் ஈக்கோணுமெண்டு செல்றீங்க."

"இருங்க."

அந்த மழைக்காலம் முழுக்க எனக்குச் சரியான நித்திரை இல்லை. கண்டியில் மழை பெய்தால் கலகெதரவில் பெய்கிறதா என்று பரீதாவுக்குப் போன் எடுப்பேன். "பெய்யுது அண்ணன், வாப்பாவும் ஈக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பா. மழை ஓய்ந்து வெயில் காய்ந்ததும் நாதனையும் கூட்டிக்கொண்டு, அலவாங்கையும் எடுத்துக்கொண்டு போனேன். மூலை முழுக்கத் தட்டினேன். சுவர் அடியைத் தட்டினேன். வெடிப்பு இல்லை, ஈரம் இல்லை. எல்லா இடமும் ஒரே மாதிரிக் கேட்டது.

"போடலாம்" என்றேன்.

நாதனும் நானும் வெறும் கட்டிலைத் தூக்கி ஜன்னலோடு வைத்தோம். ஹாஜியார் கதிரையில் இருந்தபடி என்னையே பார்த்தார்.

"வாயால செல்லிட்டீங்க மகன். ஒருக்கா படுத்துக் காட்டுங்கொ."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. நான் போய்ப் படுத்தேன். என் முழுப் பாரமும் கட்டிலின் நாலு காலிலும் இறங்கியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அலவாங்கால் தட்டும்போது வராத பயம். இத்தனை காலத்தில் எத்தனை வீட்டு வாசலில் நின்று, ஒன்றும் ஆகாது, பயப்படாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு ஹோஸைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அதில் ஓர் இடத்தில்கூட நான் படுத்ததில்லை.

எழுந்தேன். நாதனிடம் கையை நீட்டி அலவாங்கை வாங்கினேன். கட்டிலை நகர்த்திவிட்டு, அந்த நாலு காலும் நின்ற இடங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினேன். பரீதா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. ஹாஜியார் அவசரப்படுத்தவில்லை.